ஸ்பீட் பேக்கா, டபுள் எண்ட் பேக்கா?

குத்துச்சண்டைப் பயிற்சியில் குத்து வேகமாகவும் குறி தப்பாமலும் விழ வேண்டுமானால், முதலிடம் டபுள் எண்ட் பேக்குக்குத்தான்.

ஸ்பீட் பேக் என்ற சிறு பை பலகைக்குக் கீழே தொங்கும். அதன் பருத்த பகுதி வாய் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு அடிக்குப் பின் பை பலகையில் மூன்று முறை மோதியதும் அடுத்த அடி. தாளமும் தோளின் தாக்குப்பிடிப்பும் வளரும். ஆனால் கை சிறு வட்டமடிக்கிறதே தவிர நேர்க்குத்து போவதில்லை. பலமாக அடித்தால் தாளம் கெடும், அவ்வளவுதான்.

டபுள் எண்ட் பேக் மேலும் கீழும் ரப்பர் கயிற்றில் கட்டப்பட்ட பந்து. அது முகவாய் உயரத்தில் இருக்கட்டும். கயிறு தளர்ந்தால் பந்து அகலமாக, மெதுவாக ஆடும். இறுகினால் குறுகலாக, வெடுக்கென்று திரும்பும். தொடக்கத்தில் நடுத்தர இறுக்கம் போதும். முதல் 3 நிமிடச் சுற்றில் ஜாப் (முன் கையின் நேர்க்குத்து) மட்டும், அடுத்ததில் ஜாப்-கிராஸ் (கிராஸ் என்பது பின் கையின் நேர்க்குத்து), மூன்றாவதில் குத்தியதும் தலையை விலக்குங்கள். குறி தவறுவதற்குப் பெரும்பாலும் கண் காரணமல்ல: குத்தாமல் தள்ளுவதும், கையைக் கன்னத்துக்குத் திருப்பாததும்தான். பந்தைத் துரத்தாதீர்கள், அது நடுவுக்கு வரும்போது அடியுங்கள். திரும்பி வந்து மூக்கில் அடித்தால், முகத்தைக் காக்கும் கைகள் இறங்கிவிட்டன என்று அர்த்தம்.

ஸ்பீட் பேக்கைப் பயிற்சியின் கடைசியில் இரண்டு சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.