1750 ஸ்டிக்கருக்கு அடியில் 2450: ட்ரோன் மோட்டார் வாங்குவோர் கவனத்துக்கு

6எஸ் (ஆறு செல்) பேட்டரியில், ஐந்து இஞ்ச் ப்ராப் (இறக்கை) போட்டு ஓடும் ட்ரோனுக்கு ஆன்லைனில் 2207 என்ற அளவு மோட்டார் வாங்கி வைத்திருப்பவர்கள், மாட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பில்லில் ஒரு வேகம் போட்டு வேறு வேக மோட்டாரை எனக்கு விற்ற கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, முடியட்டும்.

போன டிசம்பரில் என் குவாட் (நாலு மோட்டார் ட்ரோன்) ஒரு வேப்பமரத்தில் மோதியது. ஒரு மோட்டாரின் பெல் (சுழலும் வெளிக்கூடு) நசுங்கியது, இன்னொன்றின் ஷாஃப்ட் வளைந்தது. இரண்டை மட்டும் மாற்றுவதற்குப் பதில் நாலையும் மாற்றிவிட்டு, ஒன்றைக் கைக்காவலாக வைத்துக்கொள்ளலாம் என்று ஐந்து வாங்கினேன். ஒன்று 1,650 ரூபாய், மொத்தம் 8,250. விளம்பரத்திலும் பில்லிலும் 1750 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்கிற எண்) என்று தெளிவாக இருந்தது. முழு ட்ரோனை இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியில் தடை வந்த பிறகு, நம்மைப் போன்றவர்கள் பாகம் பாகமாக வாங்கித்தான் கட்டிக்கொள்கிறோம். நல்ல சரக்கு வைத்திருக்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் விலையைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை.

அன்னூர் பக்கம் அறுவடை முடிந்த சோளக்காட்டில் முதல் நாள் பறக்கவிட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். முன்பு த்ராட்டில் குச்சி கால்வாசியைத் தாண்டினால்தான் ட்ரோன் காற்றில் நிற்கும். இப்போது அதற்குக் கீழேயே நின்றது. புது மோட்டார், நல்ல பவர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த முதல் துப்பு அதுதான். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாவது நிமிடத்தில் இறக்கினேன். மோட்டாரின் மேல் விரலை வைத்தேன், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. நாலும் அப்படித்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு மோட்டார் மட்டும் சுட்டால் கோளாறு பெரும்பாலும் அந்த மோட்டாரில்தான் இருக்கும். பேரிங் போயிருக்கும், ஷாஃப்ட் வளைந்திருக்கும், இல்லையென்றால் அடியில் போட்ட ஸ்க்ரூ நீளம் கூடி காயிலில் உரசிக்கொண்டிருக்கும். கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நாலும் ஒன்றுபோலச் சுட்டால் அது நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்று: ப்ராப் கனமா, டியூனில் (ட்ரோனை நிலையாக வைக்கும் செட்டிங்கில்) டி மதிப்பு (ஆட்டத்தை அடக்கும் எண்) அதிகமா, ஃபில்டர் சரியில்லாமல் ஜைரோவின் (அசைவை அளக்கும் சென்சாரின்) அதிர்வெல்லாம் மோட்டாருக்குப் போகிறதா, அல்லது பேட்டரி வோல்ட்டேஜுக்குக் கேவி பொருந்தவில்லையா. முதல் மூன்றையும் நான் பார்த்தேன். ப்ராப்பைக் குறைந்த பிட்ச்சுக்கு (சாய்வு குறைந்ததுக்கு) மாற்றினேன், ஃபிரேம் ஸ்க்ரூக்களை இறுக்கினேன். நாலாவதைப் பார்க்கவே இல்லை. பில்லில் 1750 என்று இருக்கிறதே, அதை எதற்குச் சந்தேகப்படுவது?

கடைக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். பதில் உடனே வந்தது: "சார், இது டியூன் பிராப்ளம். மோட்டாரில் ஒன்றும் இல்லை. எங்களிடம் டியூனிங் சர்வீஸ் இருக்கிறது, ஆயிரம் ரூபாய்தான்." கட்டினேன். அன்று மாலையே பீட்டாஃப்ளைட்டில் (ட்ரோனை இயக்கும் மென்பொருளில்) ஒட்டிக்கொள்ளச் சொல்லி சில வரிகள் அனுப்பினார்கள். டி மதிப்பைக் குறைத்திருந்தார்கள், ஃபில்டரை இறுக்கியிருந்தார்கள். அதைப் போட்டதும் சூடு உண்மையாகவே கொஞ்சம் குறைந்தது.

இந்த இடத்தில்தான் முழுசாக ஏமாந்தேன். கேவி கூடின மோட்டாரை அதே 6எஸ்ஸில் ஓட்டினால், டியூனில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் தானாகவே அதே விகிதத்தில் பெரிதான மாதிரிதான். பழைய மோட்டாருக்குச் சரியாக இருந்த டி இதற்கு அதிகம். அதனால் மோட்டார் ஓயாமல் உதறிக்கொண்டே இருக்கும், காற்றில் சும்மா நின்றாலும் சுடும். டியைக் குறைத்தால் உதறல் அடங்கும், சூடும் இறங்கும். ஆனால் த்ராட்டிலை முழுசாகத் தள்ளும்போது வரும் சூட்டை டியூனால் ஒன்றும் செய்ய முடியாது. சுற்று 1.4 மடங்கு ஏறினால் அதே ப்ராப்பைச் சுற்றத் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட 2.7 மடங்கு. அது அத்தனையும் காயில் வழியாகத்தான் போயாக வேண்டும். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. முழுப் பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு, தென்னைமர உயரத்தில் முழு த்ராட்டில் கொடுத்தேன். சடாரென்று ஒரு பக்கம் சாய்ந்து சுழன்று விழுந்தது. ஓடிப்போய் எடுத்தபோது ஒரே கருகல் வாடை. பம்ப்செட் எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும், வார்னிஷ் எரிந்த வாடை. ஒரு மோட்டாரின் காயில் ஷார்ட் ஆகி, ஈஎஸ்சி போர்டில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டில்) அந்தப் பக்கத்து மாஸ்ஃபெட்டையும் (கரண்டைத் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டரையும்) கொண்டுபோயிருந்தது.

எங்கள் தெருமுனையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் எடுத்துப் போனேன். கோயம்புத்தூரில் இப்படிக் கடை இல்லாத தெரு குறைவு. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"1750 கேவியா? ஏந் தம்பி, இதென்ன பவர்ஹவுஸுங்களா?"

இந்தக் கேவி கிலோவோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்கிற கணக்கு என்று விளக்கினேன். சிரித்தார். பிறகு என் பையிலிருந்த பழைய நல்ல மோட்டாரையும் புதியதையும் பெல்லைக் கழற்றி, ஸ்டேட்டர்களை (காயில் சுற்றிய உள்பாகங்களை) பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஊசியின் முனையால் ஒரு பல்லில் சுற்றியிருந்த கம்பியை மெதுவாக எண்ணினார். அடுத்ததையும் எண்ணினார்.

"தம்பி, புதுசுல சுத்துக் கம்மிங்க. கம்பியும் தடிப்பா இருக்குது. ரெண்டும் ஒரே ஸ்பீடுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

சுற்று குறைந்தால் வேகம் கூடும். அவருக்கு அது முப்பது வருடப் பாடம். எனக்கு எண் வேண்டியிருந்தது. அவர் கடையிலேயே பத்து எம்எம் ட்ரில் இருந்தது. பழைய மோட்டாரின் ஷாஃப்ட்டில் துணி சுற்றி ட்ரில் வாயில் மாட்டினோம். அவர் மோட்டாரின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டில் மல்டிமீட்டர், ஏசி வோல்ட்டில். ட்ரில்லை முழு வேகத்தில் ஓட்டியதும் 1.13 காட்டியது. அடுத்து புதிய ஐந்தில் இன்னும் ஒருமுறைகூடக் கரண்டைப் பார்க்காத அந்த ஐந்தாவது மோட்டார்: 0.81.

ட்ரில் எத்தனை ஆர்பிஎம் என்று தெரிய வேண்டியதே இல்லை. இரண்டுக்கும் ஒரே ட்ரில், ஒரே வேகம். அதே வேகத்தில் குறைந்த வோல்ட் தருகிற மோட்டாருக்குக் கேவி அதிகம். பழையது 1750 என்று எனக்குத் தெரியும். 1750ஐ 1.13ஆல் பெருக்கி 0.81ஆல் வகுத்தால் 2441. (200 வோல்ட்டில்தான் ஏசி தொடங்கும் மலிவு மஞ்சள் மீட்டரை வைத்து இதைச் செய்யாதீர்கள், ஒன்றும் தெரியாது. அண்ணனிடம் இருந்தது நல்ல மீட்டர்.)

வீட்டுக்கு வந்து ஐந்தாவதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பெல்லைச் சுற்றிக் கருப்பாக, வழவழவென்று ஒரு பட்டை. அது டிசைன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நகத்தால் ஓரத்தை நெம்பினேன், வரவில்லை. ஹேர் ட்ரையரால் அரை நிமிடம் சூடு காட்டியதும் ஓரம் எழும்பியது. உரித்தால் அடியில் லேசரில் பொறித்த எண், 2450. 4எஸ் பேட்டரிக்கான மோட்டார். 4எஸ்ஸில் முழு சார்ஜ் 16.8 வோல்ட், 6எஸ்ஸில் 25.2. ஒன்றும் மாட்டாமல் சும்மா சுற்றினாலே கணக்குப்படி நிமிடத்துக்கு 61,000 சுற்றுக்கு மேல். ப்ராப்பையும் மாட்டி இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

படங்களை அனுப்பியதும் கடைக்காரரின் குரல் மாறியது. அடுத்த பதில் கெட்டிக்காரத்தனமானது: "நீங்கள் ஓவர்ஹீட் செய்ததால் காந்தம் பலவீனமாகியிருக்கும் சார். அப்படி ஆனால் கேவி கூடித்தான் காட்டும்." இதுவும் பாதி உண்மை. சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாகக் கொஞ்சம் பலத்தை இழக்க ஆரம்பிக்கும். காந்தம் இளைத்தால் கேவி ஏறும். பறந்து, எரியாமல் மிஞ்சிய மூன்று மோட்டார்களும் ட்ரில்லில் 0.77இலிருந்து 0.79 வரைதான் காட்டின, அவை இளைத்திருக்கலாம். ஆனால் ஒருமுறைகூடப் பறக்காத ஐந்தாவது எப்படி இளைக்கும்? காந்தம் இளைத்தால் லேசர் எண்ணுமா மாறும்? இதைக் கேட்டு எழுதியதற்கு இரண்டு நீலக் குறி மட்டும் வந்தது.

ஐந்தாவதை நான் ஓட்டாமல் வைத்திருந்தது புத்திசாலித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். அது இல்லையென்றால் என்னிடம் வாதமே இல்லை.

அப்புறம் முறையாகவே போனேன். 2020இன் மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர் குறைதீர் அதிகாரியின் பெயரைத் தளத்தில் போட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் பதிவு செய்தேன். அங்கிருந்து கடைக்குக் கடிதம் போன பிறகுதான் போன் வந்தது, அதுவும் கடை முதலாளியிடமிருந்தே. "சப்ளையர் அனுப்பியதை அப்படியே விற்றோம் சார், எங்களுக்குத் தெரியாது" என்றார். இருக்கலாம். ஆனால் சூடு என்று நான் எழுதிய முதல் நாள் கேவியை அளந்து பாருங்கள் என்று சொல்லாமல், ஆயிரம் ரூபாய்க்கு டியூன் விற்றது சப்ளையர் இல்லையே.

எரிந்தது போக மிச்சமிருந்த மூன்றையும் ஐந்தாவதையும் ஸ்டிக்கர் உரித்து, ட்ரில்லில் ஓட்டி, மீட்டர் தெரிய வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். உங்களிடமும் இதே மாதிரி மோட்டார் மாட்டிய ட்ரோன் இருந்து, இப்போதைக்கு வேறு வழியில்லையென்றால், பீட்டாஃப்ளைட்டில் மோட்டார் அவுட்புட் லிமிட்டை 70 ஆக வையுங்கள். 1750ஐ 2450ஆல் வகுத்தால் அவ்வளவுதான் வரும். டியூனும் பழைய நிலைக்கு வரும். தரையிறங்கியதும் விரலால் தொட்டுப் பாருங்கள். டெம்பரேச்சர் கன் இருந்தால் பளபளப்பான பெல்லில் காட்டாதீர்கள், குறைத்துத்தான் சொல்லும். இடுக்கு வழியாக உள்ளே காயிலைப் பார்த்து அடியுங்கள்.

8,250ஐத் தருகிறோம் என்கிறார்கள், டியூனுக்கு வாங்கிய ஆயிரத்தையும் ஈஎஸ்சிக்கான பணத்தையும் தர மாட்டார்களாம். அதற்கும் ஐந்து மோட்டாரையும் திருப்பி அனுப்பியாக வேண்டுமாம். பறந்த நாலை நேற்று கூரியரில் அனுப்பினேன். ஐந்தாவது, உரித்த ஸ்டிக்கரோடு, வைண்டிங் கடை அண்ணனின் மேசை டிராயரில் இருக்கிறது. மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போவதாக இருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. அதுவரை அந்த மோட்டார் டிராயரிலேயே இருக்கட்டும்.