உருட்டி ஏற்றுவதா, பெட்டியில் அடைப்பதா? புதுக் கார் கடல் தாண்டும் இரு வழிகள்

கடலூர் முதுநகரில் டிராவல்ஸ் வண்டி ஓட்டும் அக்கா மகனுக்கு எண்ணூரில் கப்பலில் கார் ஏற்றும் வேலை வந்திருக்கிறது. "மாமா, கிரேன்ல தூக்கி வைக்கிற காருக்கு டிரைவர் எதுக்கு?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கப்பல் கரைக்குத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு படகில் போய்த்தான் ஏறும். நான் சென்னைத் துறைமுகத்தில் பதினொரு வருடம் லாஷிங் வேலை, அதாவது கப்பலில் சரக்கு நகராமல் கட்டும் வேலை, பார்த்தவன். இரண்டு வழியிலும் கார் கட்டியிருக்கிறேன்.

முதல் வழி ரோ-ரோ (ரோல் ஆன், ரோல் ஆஃப்) கப்பல், அதாவது வண்டி உருண்டே ஏறி இறங்கும் கப்பல். பின்பக்கம் பெரிய சாய்தளத்தை இறக்குவார்கள். டிரைவர்கள் வரிசையாக ஓட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், நிறுத்துவார்கள், ஒரு வேனில் ஏறித் திரும்பி வந்து அடுத்த காரை எடுப்பார்கள். உள்ளே பன்னிரண்டு, பதின்மூன்று அடுக்கு. பெரிய கப்பலில் ஏழாயிரம் காருக்கு மேலும் பிடிக்கும். பஸ், லாரி வந்தால் சில தளங்களை உயர்த்திக்கொள்ளலாம். பக்கத்துக் காருக்கும் நம் காருக்கும் நடுவில் ஒரு சாண் கூட இருக்காது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தளத்தில் இருக்கும் துளைகளோடு பெல்ட்டால் இறுக்குவோம். வண்டியைக் கிரேன் தொடுவதே இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் போகும் கார்களுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது.

கன்டெய்னரில் கதையே வேறு. இருபது அடிப் பெட்டிக்கு ஒரு கார், நாற்பது அடிக்கு இரண்டு. சாய்த்து நிறுத்தும் இரும்புச் சட்டம் வைத்தால் மூன்று, நான்கு. பெட்டியின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். 1.8 மீட்டர் அகலக் காரை நடுவில் நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சும். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். சக்கரத்துக்கு மரக்கட்டை, பெல்ட், அப்புறம் சீல். ஒரு காருக்கு ஆகும் நேரத்தைப் பார்த்தால் பொறுமை போய்விடும்.

ஆனால் பெட்டிக்குத் தனிக் கப்பல் வேண்டாம். கன்டெய்னர் இறங்கும் துறைமுகம் எதுவானாலும் போகலாம். 2021-க்குப் பிறகு கார் கப்பல் கிடைக்காமல் சீன நிறுவனங்கள் கார்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பின. ஒன்றிரண்டு காருக்கு நானும் பெட்டியைத்தான் சொல்வேன். அதற்காகப் பெட்டிக்கு ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. 2020 நவம்பரில் பசிபிக் கடலில் ஒன் ஏபஸ் கப்பலிலிருந்து 1,800-க்கும் மேற்பட்ட பெட்டிகள் புயலில் விழுந்தன.

ரோ-ரோவில் எனக்கு இருக்கும் பயம் தீ. கார் ஓட வேண்டும் என்பதற்காகத் தளத்தின் நீளத்துக்கும் குறுக்குச் சுவர் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் பிடித்தால் வரிசை முழுக்கப் பரவும். கார்களுக்கு நடுவே குழாயோடு நடந்து போக இடமில்லை. 2022-ல் ஃபெலிசிட்டி ஏஸ் சுமார் நாலாயிரம் கார்களோடு எரிந்து அட்லாண்டிக்கில் மூழ்கியது. 2023 ஜூலையில் நெதர்லாந்துக்கு அருகே ஃபிரீமாண்டில் ஹைவே எரிந்தபோது இறந்த மாலுமி நம் நாட்டுக்காரர். காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அந்த வீட்டுக்கு ஆள் திரும்பவில்லை. மின்சாரக் கார்கள் பெருகும்போது புகையை முதலிலேயே கண்டுபிடிக்கும் ஏற்பாட்டுக்குச் செலவு செய்தே ஆக வேண்டும்.

இருந்தும் புதுக் காருக்கு என் ஓட்டு ரோ-ரோவுக்குத்தான். குறைவான கை படுகிறது, கீறல் குறைகிறது. அவனையும் அந்த வேலைக்கே போகச் சொன்னேன். பெயிண்டில் ஒரு கோடு விழுந்தாலும் அங்கே கணக்கில் வரும். "பக்கிள் வைத்த பெல்ட்டு, மோதிரம், வாட்ச்சு எல்லாத்தையும் வீட்டிலேயே கழற்றி வெச்சிட்டுக் கிளம்புடா" என்றேன்.