எஸ்டெஸ் ஏவுமேடையும் ஏவு கருவியும்: எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

மாதிரி ராக்கெட் வாங்குபவர்கள் ராக்கெட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள், ஏவுமேடையை அரை நிமிடத்தில் வாங்கிவிடுவார்கள். ஆனால் மைதானத்தில் பொத்தானை அழுத்தியும் ராக்கெட் அசையாமல் நின்றால், கோளாறு பெரும்பாலும் ராக்கெட்டில் இருக்காது. பேட்டரியிலோ ஒயர் நுனியில் இருக்கும் கிளிப்பிலோதான் இருக்கும்.

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குபவர்கள் கையில் முதலில் வருவது எஸ்டெஸ் நிறுவனத்தின் போர்ட்டா-பேட் II மேடையும் எலக்ட்ரான் பீம் ஏவு கருவியும். பேட்டரி, மோட்டார் (ராக்கெட்டைத் தள்ளும் எரிமருந்து அடைத்த குழல்), பாராசூட்டைக் கருகாமல் காக்கும் தாள் மூன்றையும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் வீண்.

மேடை எளிமையானது: மூன்று பிளாஸ்டிக் கால்கள், நடுவில் 1/8 அங்குல எஃகுக் கம்பி, அடியில் தீயைத் திருப்பிவிடும் தகடு. இதில் உயிர்நாடி கம்பிதான். கிளம்பும் கணத்தில் ராக்கெட்டின் இறக்கைகளால் ஒன்றும் செய்ய முடியாது. காற்று போதிய வேகத்தில் உரசிப் போனால்தான் அவை ராக்கெட்டை நேராகப் பிடிக்கும். அதுவரை வழிகாட்டுவது இந்தச் சுமார் மூன்றடிக் கம்பி.

பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அதை இரண்டு துண்டாகத் தருகிறார்கள். இரண்டையும் பொருத்தி, இணைப்பின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு குழலும் அங்கே தட்டும். வேகம் குறையும், போகும் திசையும் மாறும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். இதைவிட நல்லது, இரும்புக் கடையில் அதே தடிமனில் மூன்றடி நீள ஒரே துண்டுக் கம்பி வாங்கிவிடுவது. மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் தரும் மாற்றம் இதுதான். ஒவ்வொரு ஏவலுக்குப் பிறகும் கம்பியில் படியும் கரியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கம்பியின் நுனி கண்ணில் குத்தும் ஆபத்து உண்டு. நுனி கண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏவும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மூடி போட்டு வைக்க வேண்டும். குழந்தைகள் குனியும் இடத்தில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. மேடை எடை குறைந்தது, காற்றில் சாயும். ஒவ்வொரு கால் மேலும் ஒரு செங்கல் வைத்தால் போதும். காய்ந்த புல் இருந்தால் சுற்றிலும் அகற்றிவிடுங்கள்.

இன்னொன்று: ராக்கெட்டைத் தகட்டின் மேலேயே உட்காரவிடாதீர்கள். துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் கம்பியில் மாட்டி, ராக்கெட்டை ஓரிரு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். ஏவு கருவியின் ஒயர் நுனியில் உள்ள இரண்டு உலோகக் கிளிப்பும் தகட்டில் பட்டால் மின்சாரம் தகடு வழியாகவே ஓடிவிடும், மோட்டாரைப் பற்ற வைக்கும் ஸ்டார்ட்டர் சூடாகாது.

இனி ஏவு கருவி. நான்கு ஏஏ பேட்டரி போட வேண்டும். சாவியைச் சொருகி அழுத்தினால் சின்ன பல்பு எரியும், பிறகு பொத்தான். இந்த பல்பை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல்பு எரிவதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டர் பற்றுவதற்கோ ஏறக்குறைய 2 ஆம்பியர் வேண்டும். களைத்துப்போன பேட்டரி பல்பை எரிய வைக்கும், ஸ்டார்ட்டரைப் பற்ற வைக்காது. ஆல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும், அதுவும் புதிதாக. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு பேட்டரி இவ்வளவு மின்சாரம் தராது. ஸ்டார்ட்டரின் இரண்டு கால்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் பல்பு எரியத்தான் செய்யும். அதனால் கால்களை அகலமாகப் பிரித்து, நுனி மோட்டாருக்குள் மருந்தைத் தொடும்வரை உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் அடைப்பானால் இறுக்குங்கள். நுனி மருந்தைத் தொடாவிட்டால் ஸ்டார்ட்டர் எரிந்து தீரும், மோட்டார் பற்றாது.

கிளிப்பின் பற்களை உற்றுப் பாருங்கள். மூன்று நான்கு ஏவலுக்குள் சாம்பல் நிறப் பொருக்கு கட்டியிருக்கும். அது மின்சாரத்தைத் தடுக்கும். உப்புத்தாளை மடித்துப் பற்களுக்கிடையே தேய்த்தால் உலோகம் பளிச்சென்று தெரியும். இதற்காகவே ஒரு துண்டு பெட்டியிலேயே கிடக்கட்டும்.

குறைந்த மின்சாரத்தில் பற்றும் வேறு நிறுவன இக்னைட்டர்களை (ஸ்டார்ட்டரின் இன்னொரு பெயர்) இந்தக் கருவியில் மாட்டாதீர்கள். பல்பு வழியாக வரும் மின்சாரமே சிலவற்றுக்குப் போதும். சாவியை அழுத்தியதுமே ராக்கெட் கிளம்பிவிடலாம். எந்த இக்னைட்டராக இருந்தாலும், மாட்டுபவரின் சட்டைப்பையில்தான் சாவி இருக்க வேண்டும். பற்றாமல் போனால் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருந்த பிறகே மேடை அருகே போகலாம்.

மோட்டாரின் சக்தி ஏற ஏற அதன் எழுத்தும் ஏ, பி, சி என்று ஏறும். ஏ, பி, சி மோட்டார்களில் ஒன்றை மட்டும் ஏவ இந்த ஜோடி தாராளம். டி வரை 15 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் (NAR) பாதுகாப்பு விதி, அதற்கு மேல் 30 அடி. ஆகவே ஈ மோட்டாருக்குப் போகிறவர்கள் 30 அடி ஒயருள்ள கருவியும், கனமான ராக்கெட்டுக்கு 3/16 அங்குலக் கம்பியும் வாங்க வேண்டும். இரண்டு மூன்று மோட்டாரைச் சேர்த்து ஏவ நான்கு ஏஏ பேட்டரி பத்தவே பத்தாது. 12 வோல்ட் பேட்டரி வேண்டும். கருவியைக் கையால் செய்வதானால், விரலை எடுத்ததும் தானே அணையும் பொத்தானும், அதோடு தொடராக ஒரு சாவி சுவிட்சும் கட்டாயம். பல்புக்குப் பதில் எல்.இ.டி.யும் 470 ஓம் ரெசிஸ்டரும் போட்டால் சோதனை மின்சாரம் 20 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வாங்கி வர நினைப்பவர்களுக்கு: மேடையையும் கருவியையும் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் வைக்கலாம். மோட்டார்களை விமானத்தில் கைப்பையிலும் அனுமதிக்க மாட்டார்கள், பெட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள்.