ஸாக்ரெப் ஹேங்கோவர் அருங்காட்சியகம்: நம்ம ஊர்க்காரர்கள் ஒருதரம் போய்ப் பார்க்கலாம்

குரோஷியா போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்கும் டுப்ரோவ்னிக் கோட்டைக்கும் ஓடிவிடுகிறார்கள், தலைநகர் ஸாக்ரெப்பில் விமானம் ஏறி இறங்குவதோடு சரி. அங்கே ஒரு நாளாவது தங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் நகரின் நடுவில் இருக்கும் ஹேங்கோவர் அருங்காட்சியகம்தான். ராத்திரி ஏற்றிக்கொண்டு மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்களே, அந்தக் காலைக்கென்றே ஒரு அருங்காட்சியகம். காரைக்குடியிலிருந்து நானும் மச்சானும் போனோம். மச்சான் சொட்டுக்கூடத் தொடாதவர், ஆனால் என்னைவிட அதிகமாகச் சிரித்தது அவர்தான்.

இது தொடங்கிய கதையே நன்றாக இருக்கும். ரினோ டுபோகோவிச் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, குடித்த மறுநாள் காலையில் தன் சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ ஒரு சைக்கிள் பெடல் இருந்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார். யாருடைய சைக்கிள், எப்படிக் கழற்றினார், எதற்கு எடுத்துக்கொண்டார், எதுவும் நினைவில்லை. இப்படிப்பட்ட பொருள்களையும் அவற்றின் கதைகளையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்று தோன்ற, 2019 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். உலகத்தில் இப்படி ஒன்று இதுதான் முதல் என்று அப்போது பல நாட்டுச் செய்திகளிலும் வந்தது.

நுழைந்ததும் ஒரு கண்ணாடி கொடுக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டால் குடிபோதையில் கண் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். மாட்டிக்கொண்டே பலகையில் டார்ட் எறிய வேண்டும், நடுப்புள்ளியில் பட்டால் நுழைவுக் கட்டணம் இல்லை. மச்சான் சின்ன வயதில் கவட்டையில் மாங்காய் அடித்த தைரியத்தில் முன்னால் போய் நின்றார். பலகை எதிரே நிற்கிறது, கை வேறு எங்கோ நீள்கிறது, அம்பு பலகையின் ஓரத்தைக்கூடத் தொடாமல் சுவரில் பட்டு விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “ஏன் மாப்ள, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா நம்ம பயலுக தேவகோட்டை ரோட்ல வண்டி ஓட்டிட்டு வர்றானுக?” நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். குரோஷியாவில் 50 வரை விடுகிறார்கள், ஆனால் 24 வயதுக்குள் இருக்கிறவர்களுக்குச் சுழியம்தான். இந்த எண்களை எத்தனை போஸ்டரில் ஒட்டினாலும் ஏறாதது, அந்தக் கண்ணாடியைப் போட்டால் ஒரே நிமிஷத்தில் ஏறிவிடுகிறது. நம் ஊர் லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடச் சொல்வதற்கு முன்னால் இதை ஒருமுறை மாட்டிவிட வேண்டும்.

உள்ளே அறைகள் அடுக்கியிருக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குடித்தவன் வீட்டுக்குத் திரும்பும் வழியே அருங்காட்சியகம்: இருட்டில் கிறுக்கல்கள் மின்னும் தெரு, அங்கங்கே தன் முகமே தெரியும் கண்ணாடி அறை, அப்புறம் தோட்டம், கடைசியில் படுக்கையறை. வழி நெடுக அந்த மாதிரி ராத்திரிகளில் கைக்கு வந்து சேர்ந்த சாமான்கள், பக்கத்திலேயே அவரவர் எழுதிக்கொடுத்த கதை. “நான் கண் விழித்தபோது…” என்று ஆரம்பித்து விட்டிருக்கிறார்கள், வருகிறவர்களும் தங்கள் கதையை எழுதி முடிக்கலாம். சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும்.

அந்தப் பொருள்களைத் தூக்கிப்போட்டால் பழைய இரும்புக்காரர்கூட எடுக்க மாட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இதற்கு நேர்மாறு. சுவீடன் எனாமல் தூக்கு, பர்மா தேக்கில் இழைத்த கதவு, பெல்ஜியம் கண்ணாடி என்று விலை மதிப்புள்ள சாமான்கள் கடை கடையாகக் குவிந்து கிடக்கின்றன, ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்தத் தூக்கில் யார் யாருக்குச் சோறு கொண்டுபோனார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. வீடு இடிபடும்போதே கதையும் போய்விட்டது. நம் பக்கம் கதைக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் வருத்தம். திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடந்த மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், யார் மேடைக்கு அடியில் தூங்கினார், யார் அடுத்த ஊர்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஒரு அருங்காட்சியகத்துக்கே வரும். அதை ஒருவரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு குறை எனக்கு மனதில் நிற்கிறது. அங்கே இருப்பதெல்லாம் குடித்தவர் சொன்ன கதை. வீட்டில் விழித்துக்கொண்டு காத்திருந்தவர் சொன்ன கதை இல்லை. நம் தெருக்களில் அந்தக் காலையில் சிரிப்பவர்கள் குறைவு. பையில் சம்பளம் மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு நீட்டுகிற பெண்களை நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். படுக்கையறைக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்று ஒரு சுவர் விட்டால், இங்கிருந்தே எழுதி அனுப்ப எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தச் சுவர் வந்தால் சிரிப்பு குறையாது, இன்னும் நியாயமாக இருக்கும்.

அதே ஊரில் மேல்நகரப் பகுதியில் முறிந்த உறவுகள் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒலிங்கா விஷ்டிட்சாவும் ட்ராஷென் க்ரூபிஷிச்சும் பிரிந்த பிறகு சேர்ந்து ஆரம்பித்தது, 2010 முதல் அங்கேயே நிலையாக இருக்கிறது. அதிலும் சாதாரண ஆள்கள் அனுப்பிய சாமானும் கதையும்தான், ஆனால் வெளியே வரும்போது மனசு கனத்துவிடும். அதனால் காலையில் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டு, சாயங்காலம் இதற்கு வாருங்கள், இந்த வரிசைதான் சரி. 2023 ஜனவரியிலிருந்து குரோஷியாவும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர விடும் ஷெங்கன் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது, யூரோவும் வந்துவிட்டது, வியன்னா பக்கம் போகிறவர்கள் தனி விசா இல்லாமல் அப்படியே வரலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டால், சின்னதுகள் வேண்டாம். கல்லூரி போகிற வயசுப் பையன் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், அந்தக் கண்ணாடியை முதலில் அவனுக்கே மாட்டிவிடுங்கள்.