கண்ணாடியை மாற்றுவதா, லென்ஸைப் பிரிப்பதா?

வளைவு மிகுந்த லென்ஸ் பரப்பை ஜீமேக்ஸ் போன்ற ஒளியியல் வடிவமைப்பு மென்பொருளில் வரைந்தால் ஓரக் கதிர்களில் பிழைச் செய்தி காட்டலாம். அது எந்தப் பிழை என்று முதலில் பாருங்கள். கதிர் பரப்பைத் தவறவிட்டது என்றால், அந்த உயரத்தில் பரப்பே இல்லை; ஆரம் 10 மி.மீ. உள்ள கோளத்தில் மைய அச்சிலிருந்து 10.1 மி.மீ. உயரத்தில் வரும் கதிர் எங்கே போய்ப் படும்? முழு அக எதிரொளிப்பு என்றால், கதிர் பரப்பில் பட்டும் வெளியே வர முடியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

அதிகம் தொல்லை தருவது இரண்டாவதுதான். பிகே7 கண்ணாடியில் (ஒளிவிலகல் எண் 1.5168) ஒரு தட்டக்குவி லென்ஸ் (ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு), ஆரம் 10 மி.மீ., இணைக்கதிர்கள் தட்டைப் பக்கமாக நுழைகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாறுநிலைக் கோணம், அதாவது இதைத் தாண்டிப் பட்டால் கதிர் வெளியேறாமல் உள்ளேயே திரும்பும் கோணம், 41.25°. அதனால் 6.59 மி.மீ. உயரத்துக்கு மேல் ஒரு கதிரும் வெளியேறாது. நமக்கு வேண்டியதோ 9 மி.மீ.

செலவில்லாத வழி, லென்ஸைத் திருப்பிப் போடுவது. 9 மி.மீ. கதிர் தட்டைப் பரப்பில் சுமார் 28°-இல் பட்டு வெளியே வந்துவிடும். ஆனால் முன்பரப்பில் அது 64°-இல் விழுகிறது; கோளப் பிறழ்ச்சி (ஓரக் கதிர்களும் மையக் கதிர்களும் ஒரே புள்ளியில் குவியாத குறை) பெரிதாகவே இருக்கும்.

சரி, கண்ணாடியை மாற்றினால்? என்-எஸ்எஃப்11 என்ற கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.7847. அதே திறனுக்கு (ஒளியைக் குவிக்கும் வலிமைக்கு) ஆரம் 15.18 மி.மீ. ஆகிறது, பரப்பு நன்றாகவே தணிகிறது. ஆனால் எண் கூடும்போது மாறுநிலைக் கோணமும் 34°-க்கு இறங்குகிறது. பழைய திசையிலேயே வைத்தால் எல்லை 8.5 மி.மீ.தான். இவ்வளவு மாற்றியும் 9 எட்டவில்லை! போதாக்குறைக்கு ஆபே எண் 64-இலிருந்து 26-க்கு விழுகிறது; இது குறையக் குறைய நிறங்கள் அதிகமாகப் பிரியும். வெள்ளை ஒளியில் நிறப்பிறழ்ச்சி தலைதூக்கும்.

என் ஓட்டு லென்ஸைப் பிரிப்பதற்குத்தான். திறனை இரண்டு பிகே7 லென்ஸ்களுக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்தால் ஆரம் 20 மி.மீ.; முதல் லென்ஸின் ஓரத்தில் படுகோணம் வெறும் 27°. பழைய ஸ்லைடு புரொஜெக்டர்களில் விளக்கொளியைக் குவித்துத் தரும் கண்டென்சரில் இரண்டு தட்டக்குவி லென்ஸ்களை வளைந்த பக்கங்கள் எதிரெதிராக வைத்ததும் இப்படிச் சுமையைப் பகிரத்தான். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாவிட்டால் கூடுதலான இரண்டு பரப்புகளிலும் தலைக்குச் சுமார் 4% ஒளி போகும், மையம் பொருத்தும் வேலையும் கூடும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

கதிர் பரப்பைத் தவறவிடும் முதல் பிழைக்கு எப்போதும் இவை தேவைப்படாது. மிக அகன்ற காட்சியைப் பிடிக்கும் மீன்விழி லென்ஸ் என்றால், கதிர்களைத் துளைத்தடுப்பை நோக்கிச் சரியாகக் குறிவைக்கும் ரே எய்மிங் என்ற மென்பொருள் வசதியை இயக்கிப் பாருங்கள்.