எங்கள் ஊர்ப் பெயரைத் தேடி ஒன்பது வருஷம்: பழைய கெசட்டியர்களோடு என் அனுபவம்

எங்கள் ஊர் கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டி, புதுச்சேரி எல்லையை ஒட்டி இருக்கிறது. நூற்றுச் சொச்சம் வீடுகள். "நம்ம ஊரு எப்பப்பா உண்டாச்சு?" என்று மகள் பள்ளிக்கூடப் பாடத்துக்காகக் கேட்டாள். பதில் தெரியவில்லை. அன்றைக்கு எடுத்த தென்னாற்காடு கெசட்டியரை, அதாவது எங்கள் பழைய மாவட்டத்தைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்தில் எழுதிய விவர நூலை, இன்னும் கீழே வைக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

நான் புழங்குவது நான்கு நூல்கள். கார்ஸ்டின் தொகுத்த 1878ஆம் வருஷ மாவட்ட மானுவல் (கையேடு), பிரான்சிஸ் எழுதிய 1906 கெசட்டியர், சீவெலின் 1882 தொல்லெச்சப் பட்டியல், மக்லீன் 1893இல் வெளியிட்ட சொல்லகராதி. எல்லோரும் கெசட்டியரைத்தான் முதலில் திறப்பார்கள். அதன் கடைசி அத்தியாயம் தாலுகா வாரியாக ஊர்களைச் சொல்கிறது, ஆனால் கோட்டையோ பெரிய கோயிலோ சண்டையோ இல்லாத ஊருக்கு அதில் இடமில்லை. சிற்றூர்க்காரர்கள் சீவெலிடமிருந்து தொடங்குவது நல்லது. கோயில், கல்வெட்டு என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும், சின்ன ஊரும் அவர் பட்டியலில் ஏறிவிடும். மக்லீன் தரும் பெயர்க்காரணங்களைக் குறித்துக்கொள்வேன், வேறு சான்று கிடைக்காதவரை நம்புவதில்லை.

என் நாட்களை அதிகம் தின்றது எழுத்துக்கூட்டல். இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன் பிரதிகளில் இன்றைய பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஆவணங்களில் சிதம்பரம் 'சில்லம்ப்ரம்', விருத்தாசலம் 'வெர்டாசெல்லம்', திருவதிகை 'திரிவடி', தேவனாம்பட்டினம் 'தெக்னபட்டம்'. 'பாக்கம்' என்று முடியும் ஊரை 'பாக்கும்' என்று எழுதுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக் காது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. நெட்டப்பாக்கம் அங்கே 'நெத்தபாக்கோம்', வில்லியனூர் 'வில்னூர்'. எங்கள் ஊர்ப் பெயருக்கு மட்டும் பதினாலு விதமாக எழுதி ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன். ஸ்கேன் பிரதியில் எழுத்து சிதைந்திருந்தால் அந்தப் பதினாலும் உதவாது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வருஷம் பெரிய தவறு நடந்தது. எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு பழைய கோயில் குறிப்பு கிடைத்தது. மாசி மகத்தன்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லியும் விட்டேன். பிறகு பார்த்தால் அது திருக்கோவிலூர் தாலுகாவில் அதே பெயரில் இருக்கிற வேறு ஊர். பெரியவர்களிடம் வீடு வீடாகப் போய்த் திருத்திச் சொன்னேன். அதிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தால் முதலில் தாலுகா, அடுத்து பக்கத்து ஊர்கள், ஏரி, ஆறு எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஊர்ப் பெயரை நம்புகிறேன். தாலுகாவிலும் கவனம் வேண்டும். 1906இல் திருவண்ணாமலை தென்னாற்காட்டில் ஒரு தாலுகா. நம் மாவட்டமே 1993இல்தான் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது.

பக்கத்து ஊர்களைத் தேடப்போய்த்தான் பாகூர் செப்பேடு கண்ணில் பட்டது. 9ஆம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கன் காலம். பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது: சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. கடுவனூர் என்ற பெயர் பாகூர் கொம்யூனில் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பகுதி) இன்றைக்கும் இருக்கிறது, பேருந்துப் பலகையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் படிப்புக்காக எழுதிக்கொடுத்த ஊர்ப்பெயர் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாயில் நிற்கிறது என்று நினைத்தபோது அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதே மாதிரி 1690 விற்பனையும். ஆங்கிலேயர் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்ந்து வந்தது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. எங்கள் ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், வெகு தூரம், குண்டு எட்டவில்லை.

இந்த நூல்களில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. அவை பெரும்பாலும் வருவாய்க் கிராமங்களின், அதாவது நிலவரிக் கணக்குக்காகப் பிரித்த கிராமங்களின் கணக்கு. அவற்றுக்குள் அடங்கிய உட்கிடைச் சிற்றூர்கள் தாய்க் கிராமத்தின் பெயருக்குள் மறைந்துவிடும். சேரிக்கு அந்த இடமும் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் நெல் விளைவித்தவர்களில் பாதிப்பேர் குடியிருந்த தெரு எந்த அச்சுப் பக்கத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் மூன்று வருஷமாக நோட்டின் பின்பக்கத்தில் வேறொரு பட்டியல் வளர்கிறது. அந்தத் தெருவில் எண்பது தாண்டிய ஒரு ஆயா, நடவு நட்ட நிலங்களின் பெயரை வரிசையாகச் சொல்வார். பனங்கொல்லை, வண்ணாங்குட்டை, ஒட்டங்காடு, சாவடிமேடு. "சாவடிமேட்டுல அந்தக் காலத்துல சுங்கக்காரன் உக்காந்திருப்பான்யா, புதுச்சேரியிலருந்து சாமான் வந்தா அவுத்துப் பாப்பான்" என்றார். அவர் சொன்ன பதினோரு பெயர்களில் ஏழுக்குப் புல எண் (சர்வே நம்பர்) கண்டுபிடித்துவிட்டேன். சாவடிமேடு இன்னும் கிடைக்கவில்லை. அறுப்பு முடிந்ததும் ஆயாவின் பேரனோடு வரப்பில் நடந்து பார்க்கப் போகிறேன்.