மீன் பிடிக்கும் மின்னஞ்சலும் புள்ளிப் பலகையும்

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரக் காணொளியை ஓடவிட்டு, அது ஓடி முடியும்வரை வேறு வேலை பார்த்துவிட்டு, இறுதியில் வரும் பத்துக் கேள்விகளுக்கு ஊகத்தில் விடை தட்டிச் சான்றிதழ் பெறுவதுதான் எங்கள் அலுவலகத்தில் நெடுங்காலம் சைபர் பாதுகாப்புப் பயிற்சி என்ற பெயரில் நடந்து வந்தது. அதற்குப் பதிலாக, விளையாட்டு வடிவில் பயிற்சி தரும் கட்டணச் சேவை ஒன்றை நிர்வாகம் ஆறு மாதங்களுக்கு முன் வாங்கியது. நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கணக்குப் பிரிவில் பணம் செலுத்தும் மேசையில் இருப்பவன். போலி விலைப்பட்டியல் அனுப்புகிறவர்கள் முதலில் தேடி வரும் மேசை அது. ஆகவே அந்த மேசையிலிருந்து பார்த்தே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

வாரத்துக்கு ஒரு பாடம், ஐந்து நிமிடம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஊழியரின் இடத்தில் நாம் அமர்கிறோம். அவருடைய அஞ்சல் பெட்டி திறக்கிறது. வரும் கடிதங்களில் எதற்குப் பதில் எழுதுவது, எதைப் புகார் செய்வது, எதை மேலதிகாரியிடம் கேட்பது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். சரியான முடிவுக்குப் புள்ளிகள் உண்டு, பதக்கங்கள் உண்டு, நிலை உயர்வு உண்டு, பிரிவுவாரியான தரவரிசைப் பலகையும் உண்டு. இவற்றோடு, முன்னறிவிப்பு இல்லாமல் நம் உண்மையான அஞ்சல் பெட்டிக்கே சோதனை ஃபிஷிங் கடிதங்களும், அதாவது கடவுச்சொல்லையோ பணத்தையோ பறிக்கத் தூண்டில் போடும் போலிக் கடிதங்களின் மாதிரிகளும், வந்து சேரும்.

முகவரி படிக்கக் கற்றுத்தரும் பகுதியே இதில் மிகச் சிறந்தது. இந்த வகைப் பயிற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2007-இல் வெளியிட்ட 'ஆன்ட்டி ஃபிஷிங் ஃபில்' என்னும் விளையாட்டில் ஃபில் ஒரு சிறு மீன். ஒவ்வொரு புழுவின் அருகிலும் ஓர் இணைய முகவரி தெரியும். நல்ல புழுவைத் தின்ன வேண்டும், தூண்டிலில் கோத்த புழுவை ஒதுக்க வேண்டும். இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்குதான். அதை ஆடியவர்கள் போலித் தளங்களை முன்னைவிடத் திறமையாக இனங்கண்டார்கள் என்று அந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கள் சேவையும் அதே வழியில் செல்கிறது. முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்புள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். புள்ளி காம் என்பதற்கு உடனே முன்னால் நிற்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான பெயர். அதற்கும் இடப்புறத்தில் வங்கியின் பெயர் எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அது வெறும் அலங்காரம். ஆர், என் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒட்டி எழுதினால் எம் போலத் தோன்றும் என்பதை நான் இந்த விளையாட்டில் மூன்று முறை தோற்ற பிறகே கண்ணால் பிடிக்கக் கற்றேன். தவறிய அந்த நொடியிலேயே காரணம் திரையில் தெரிவதும், சில வாரங்கள் கழித்து அதே தந்திரம் வேறு வேடத்தில் மீண்டும் வருவதும்தான் இதைச் சாத்தியமாக்கின. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நினைவில் தங்கும் என்று 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் எழுதிவிட்டார். பழைய ஆண்டுக் காணொளி அதற்கு நேர் எதிரானது.

பணம் சார்ந்த பாடம் எனக்கு நேரடியாகவே உதவியது. வழக்கமாகப் பொருள் தரும் நிறுவனம், தன் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று கடிதம் எழுதுகிறது. கடிதத்திலேயே ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறது. உறுதி செய்துகொள்ளலாம் என்று அந்த எண்ணை அழைத்தால் புள்ளிகள் பறிபோகின்றன, ஏனெனில் மறுமுனையில் பேசுபவரும் அதே ஏமாற்றுக்காரர்தான். நம்மிடம் ஏற்கெனவே பதிவேட்டில் உள்ள பழைய எண்ணையே அழைத்திருக்க வேண்டும். காணொளியில் இந்த அறிவுரையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். புள்ளியை இழந்த பிறகுதான் அது கையில் பழக்கமானது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நுழைந்தவர், ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைப்பேசிக்கு உள்நுழைவு ஒப்புதல் கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பி, அவற்றில் ஒன்றை அவர் ஏற்றவுடன் உள்ளே போனார். அதே சலிப்பை மூட்டும் ஒரு பாடமும் இதில் உண்டு. திரையில் கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்க, நாம் அவசரக் கணக்கு ஒன்றை முடித்தாக வேண்டும். உண்மையில் எரிச்சலாகவே இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி, குறை. தரவரிசைப் பலகையில் தனிநபர் பெயர்கள் அனைவருக்கும் தெரியும் தொடக்க அமைப்போடுதான் இந்தச் சேவை நம்மிடம் வந்து சேர்கிறது. முதல் மாதம் எல்லோருக்கும் உற்சாகம். இரண்டாம் மாதத்திலேயே, சோதனைக் கடிதம் வந்ததும் ஒருவர் குழு அரட்டையில் மற்றவர்களை எச்சரிக்கத் தொடங்கினார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் அனைவரும் கடிதத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் புகார்ப் பொத்தானை அழுத்திப் புள்ளி பெற்றார்கள். வேறு சிலர், சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, செய்திமடல்கள்வரை அனைத்தையும் புகார் செய்ததில் பாதுகாப்புக் குழுவின் வரிசை நிரம்பி வழிந்தது. இவற்றைக்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் சக ஊழியர் ஒருவர் உண்மையான ஃபிஷிங் இணைப்பு ஒன்றைத் தவறுதலாகச் சொடுக்கிவிட்டு, பலகையில் பெயர் இறங்கிவிடும் என்று அஞ்சி, அன்று மாலைவரை யாரிடமும் சொல்லவில்லை. அது சோதனை அல்ல என்று அவருக்குத் தெரிய வழியும் இல்லை. கடவுச்சொல் திருடு போன பின் முதல் சில நிமிடங்களே மிகவும் மதிப்புள்ளவை. அந்த நிமிடங்களை விழுங்கியது புள்ளிப் பலகைதான் என்பது என் துணிபு.

பரிசு ஆர்வத்தைத் தின்றுவிடும் என்பது புதிய செய்தி அல்ல. உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் பரிசு இல்லாதபோது தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். இதைத் தயாரிப்பாளர்கள் அறியாதவர்கள் என்று நான் நம்பவில்லை. ஏனெனில் இதற்கான மாற்று அமைப்பு, சேவையின் கட்டுப்பாட்டுப் பகுதியின் ஆழத்தில் இருக்கவே இருக்கிறது. அதில் தனிநபர் பெயர்களை மறைக்கலாம். பிரிவின் மொத்தப் புள்ளியை மட்டும் காட்டலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சொடுக்கிவிட்ட பிறகும் உடனே புகார் செய்தவருக்கு முழுப் புள்ளி தரலாம். நான்காம் மாதம் எங்கள் நிர்வாகி இவற்றை மாற்றினார். அதன் பிறகு, "தெரியாமல் சொடுக்கிவிட்டேன்" என்று தயங்காமல் வந்து சொல்பவர்களை நான் பார்க்கிறேன். இதுவே தொடக்க அமைப்பாக இருந்திருக்க வேண்டும்.

நிர்வாகத்துக்குச் செல்லும் மாத அறிக்கையையும் பார்த்தேன். சொடுக்கியவர்களின் விகிதம் மாதந்தோறும் இறங்குவதை ஒரு வரைபடம் பெருமையுடன் காட்டுகிறது. அந்தந்த மாதக் கடிதம் எவ்வளவு கடினமானது என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் இதற்கென்றே 2020-இல் ஃபிஷ் ஸ்கேல் என்னும் அளவுகோலை வெளியிட்டது. கடிதத்தில் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் எத்தனை, அதன் பொருள் பெறுபவரின் அன்றாட வேலையோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற இரண்டையும் வைத்துக் கடினத்தை அது கணிக்கிறது. அது இல்லாமல், எளிய கடிதங்களை அனுப்பியே வரைபடத்தை இறக்கிவிடலாம். வரவு மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டைப் போன்ற அறிக்கை இது.

சோதனைக் கடிதங்களின் தொகுப்பில் ஊக்கத்தொகை தருவதாக ஆசை காட்டும் மாதிரிகளும் உள்ளன. 2020 டிசம்பரில், இணையதளப் பெயர்களை விற்கும் கோடாடி நிறுவனம் 650 டாலர் ஊக்கத்தொகை என்று தன் ஊழியர்களுக்கே சோதனைக் கடிதம் அனுப்பி, பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த மாதிரிகளை நீக்கிவிடுமாறு வாங்குபவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கடவுச்சொல் பாடமோ பழமையானது: 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுபவருக்குப் பதக்கம் தருகிறது. காலக்கெடு வைத்துக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம், திருடு போனதற்கான அடையாளம் இருந்தால் மாற்றினால் போதும் என்று நிஸ்ட் 2017-லேயே கூறிவிட்டது.

பெரிய அலுவலகங்களுக்கு, மேலே சொன்ன அமைப்புகளை முதலிலேயே மாற்றிக்கொள்ளும் நிர்வாகி இருந்தால், இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். சிறு குழுக்கள் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. கூகுளின் ஜிக்சா பிரிவு 2019-இல் வெளியிட்ட ஃபிஷிங் வினாடி வினா இலவசமானது, முகவரி படிக்கும் பயிற்சிக்கு நல்ல தொடக்கமும்கூட. மென்பொருள் எழுதுபவர்கள் மட்டுமே உள்ள குழு என்றால், மென்பொருள் வடிவமைப்பில் உள்ள பாதுகாப்பு ஆபத்துகளைத் தேட உதவும், மைக்ரோசாஃப்ட் 2010-இல் வெளியிட்ட 'எலிவேஷன் ஆஃப் பிரிவிலேஜ்' சீட்டாட்டம் அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது. எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். பலகை அணைந்தே இருக்க வேண்டும், அறிக்கையில் கடின அளவும் வர வேண்டும், சரி தவறை வெறும் பச்சை சிவப்பால் மட்டும் காட்டுவதை நிறுத்த வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தேன். கடைசி நிபந்தனை, நிறவேறுபாடு தெரியாத காரணத்தால், பெயர்கள் மறைக்கப்படும்வரை பலகையின் அடியிலேயே இருந்த என் அடுத்த மேசைக்காரருக்காக.